ஆர்கேட் போர்டை வீட்டு டிவியில் ஓட்டுவது எப்படி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகன் பழைய தினத்தாளில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பிரித்தால் உள்ளே ஒரு பெரிய சர்க்யூட் போர்டு. மேலே கறுப்புக் கறுப்பாக வரிசை வரிசையாகச் சிப்புகள். "மாமா, இது ரெய்டன் கேமோட ஒரிஜினல் போர்டு. இதுல எச்டிஎம்ஐ எங்க இருக்கு?" என்றான்.

எச்டிஎம்ஐ இல்லை. ஏவி பின் இல்லை, ஹெட்போன் மாட்ட வழியில்லை, கரண்ட் கொடுக்கத் தனியாக ஒரு சாக்கெட்கூட இல்லை. ஒரு ஓரத்தில் மட்டும் சீப்பின் பல் போல வரிசையாக உலோகப் பட்டைகள் இருக்கும். படம், சத்தம், மின்சாரம், பொத்தான், காசு எல்லாமே அந்த ஒரு ஓரத்தின் வழியாகத்தான் போய்வருகின்றன. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்து, சால்டரிங்கும் ஓரளவு வந்தால் போதும்.

முதலில் இந்தப் போர்டு எங்கே இருந்தது என்று பார்த்துவிடலாம். தொண்ணூறுகளில் சென்னையில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஆர்கேட் எனப்படும் வீடியோ கேம் கடை ஞாபகம் இருக்கும். இருட்டான சின்ன அறை, சுவரோடு சேர்த்து மூன்று நான்கு மரப்பெட்டிகள், காசு போட்டால் ஒரு ஆட்டம். நாம் எல்லோரும் 'முஸ்தபா' என்று கூப்பிட்ட கேமின் உண்மையான பெயர் கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்டது. முஸ்தபா அதில் வரும் நான்கு வீரர்களில் ஒருவன். அந்த மரப்பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பிக்சர் டியூப் மானிட்டர், ஒரு ஸ்பீக்கர், ஒரு பவர் சப்ளை, ஜாய்ஸ்டிக்கிலிருந்து வரும் ஒயர்கள், காசு விழும் பெட்டி, அப்புறம் இந்தப் போர்டு. கேம் முழுக்க போர்டில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்குக் கண்ணும் காதும் கையும். கடைக்காரர் கேமை மாற்ற நினைத்தால் சுவிட்சை அணைத்து, ஒரு போர்டைப் பிடுங்கி, இன்னொன்றைச் செருகுவார். பெட்டி அதேதான்.

அப்படி மாற்றிச் செருக முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஓரப் பட்டைகளை அமைத்தது. 1980இல் வந்த பேக்-மேன் போர்டுக்கு 44 பட்டைகள். இன்னொரு கம்பெனியின் போர்டை அந்தப் பெட்டியில் மாட்டினால் வேலை செய்யாது. 1985இல் ஜப்பானில் கேம் இயந்திரம் தயாரிப்பவர்களின் சங்கமான ஜாமா ஒரு பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு 28, மொத்தம் 56 பட்டைகள். எந்தப் பட்டையில் எது என்று ஒரே வரிசை. அதற்குப் பிறகு வந்த போர்டுகளில் பெரும்பாலானவை இந்த ஜாமா வரிசையில்தான் இருக்கும். வீட்டில் செய்யப்போவது, அந்த மரப்பெட்டி போர்டுக்குச் செய்துகொடுத்த வேலைகளை நாம் செய்துகொடுப்பது. இதற்கென்று செய்த சின்னப் பெட்டியைச் சூப்பர்கன் என்கிறார்கள். ரெடிமேடாகவும் வாங்கலாம், நாமே செய்துகொள்ளவும் செய்யலாம். முதல் தடவை நாமே செய்து பார்ப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். வாங்கிய பெட்டியில் படம் வரவில்லை என்றால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் எங்கே தேடுவது?

அந்த ஓரம்

போர்டைச் சிப்புகள் மேலே தெரிய வையுங்கள். சிப்பு இருக்கும் பக்கத்துப் பட்டைகளுக்கு 1 முதல் 28 வரை எண். ஈயம் வைத்த அடிப்பக்கத்துக்கு ஆங்கில எழுத்துகள். ஏ-யில் தொடங்கி, எண்ணோடோ வேறு எழுத்தோடோ குழப்பம் தரும் ஜி, ஐ, ஓ, க்யூ நான்கையும் விட்டுவிட்டு இசட் வரை போய், மறுபடி சின்ன எழுத்து ஏ முதல் எஃப் வரை வரும். எண்ணிப் பார்த்தால் இதுவும் 28.

இரண்டு முனைகளிலும் கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பொது இணைப்பு: 1, 2, 27, 28, அதற்கு நேர் கீழே உள்ளவை. 3, 4 இரண்டும் அவற்றின் அடிப்பக்கமும் 5 வோல்ட். 5இல் மைனஸ் 5 வோல்ட், 6இல் 12 வோல்ட். 10இல் ஸ்பீக்கர் பிளஸ், அதற்கு நேர் கீழே எல்-இல் ஸ்பீக்கர் மைனஸ். 12இல் சிவப்பு, அதன் கீழே என்-இல் பச்சை, 13இல் நீலம், அதன் கீழே பி-இல் (P) சிங்க் (என்னவென்று பிறகு சொல்கிறேன்), 14இல் படத்துக்கான கிரவுண்ட். 16இல் காசு, 17இல் ஸ்டார்ட், 18 முதல் 21 வரை மேல், கீழ், இடம், வலம், 22 முதல் 24 வரை மூன்று பொத்தான்கள். இரண்டாவது ஆட்டக்காரருக்கு இதே வரிசை அடிப்பக்கத்தில்.

7ஆம் இடத்தில் ஒன்றும் கிடையாது. அங்கே போர்டில் ஒரு வெட்டு இருக்கும், கனெக்டரில் அதற்குப் பொருந்தும் ஒரு சின்னத் தடுப்பு இருக்கும். தலைகீழாகச் செருகாமல் காப்பது அந்தத் தடுப்புதான். அது உடைந்து விழுந்த கனெக்டர் கையில் கிடைத்தால் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். கனெக்டரைத் திருப்பி மாட்டினால் 1 போகவேண்டிய இடத்துக்கு 28 போகும், 2க்கு 27, இப்படியே. கிரவுண்ட் இரண்டு முனையிலும் இருப்பதால் அது சரியாகவே சேர்ந்துகொள்ளும். ஆனால் 6ஆம் இடத்து 12 வோல்ட் போய் நிற்பது 23ஆம் பட்டையில், அதாவது இரண்டாவது பொத்தானின் வாசலில். 5 வோல்ட்டுக்கு மேல் பார்த்தே இராத சிப்பில் 12 வோல்ட் ஏறினால் அது அந்த நொடியே போய்விடும். முப்பது வருஷம் உயிரோடு இருந்த போர்டு அது.

சென்னைக்கென்று ஒன்று சொல்லவேண்டும். கடற்காற்றும் ஈரமும் இந்தப் பட்டைகளை விட்டுவைப்பதில்லை. மங்கிப்போய், ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். மாட்டுவதற்கு முன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். அதற்கும் போகாவிட்டால் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் பட்டையின் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்து, மறுபடி ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பூச்சு போய்விடும். அக்கா மகன் கொண்டுவந்த போர்டில் இதற்கே அரைமணி நேரம் போனது. தேய்க்கத் தேய்க்கப் பட்டைகள் ஒவ்வொன்றாகப் பளிச்சென்று வெளியே வருவதை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

56 பின் எட்ஜ் கனெக்டரை ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் தேடலாம். 3.96 மில்லிமீட்டர் பிட்ச் (பட்டைக்குப் பட்டை உள்ள தூரம்) என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒயர் சேர்த்தே வரும் ஜாமா ஹார்னஸை ஆன்லைனில் வாங்கிவிடலாம்.

மின்சாரம்

எல்.இ.டி. விளக்குப் பலகைகளுக்குப் போடும் தகரப்பெட்டி எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போதும். 5 வோல்ட் 10 ஆம்பியரில் ஒன்று, 12 வோல்ட் 5 ஆம்பியரில் ஒன்று. இரண்டின் மைனஸையும் ஒன்றாகச் சேர்த்துவிடவேண்டும். மைனஸ் 5 வோல்ட் மிகப் பழைய போர்டுகள் சிலவற்றுக்குத்தான் வேண்டும், அதுவும் பெரும்பாலும் சத்தத்துக்காக. இந்தப் பெட்டிகளில் 230 வோல்ட் வந்து சேரும் திருகுகள் வெளியே தெரியும்படி இருக்கும். மூடி போடாமல், குழந்தைகள் நடமாடும் வீட்டில் ஓட்டாதீர்கள்.

5 வோல்ட்டை அளப்பது எஸ்எம்பிஎஸ் முனையில் அல்ல, போர்டின் மேல். ஒயர் மெல்லிசாக இருந்தால் வழியிலேயே கொஞ்சம் இறங்கிவிடும். எஸ்எம்பிஎஸ்ஸில் சரியாக 5.0 இருந்தும் போர்டில் 4.6 மட்டும் வந்தால் கேம் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அல்லது படத்தில் குப்பை வரும். பழுது என்று நினைத்துப் போர்டைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்கவேண்டும்; 5.0 இருந்தால் நிம்மதி. தடித்த ஒயராகப் போட்டு, 5 வோல்ட்டுக்கு உள்ள நான்கு பட்டைகளையும், கிரவுண்டுக்கு உள்ள எட்டையும் பயன்படுத்துங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சின்ன திருகு இருக்கும், அதைத் திருப்பி வோல்ட்டேஜைச் சரிசெய்யலாம். போர்டை மாட்டுவதற்கு முன்பே இதை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

படம்: வேகம் ஒன்று, அளவு ஒன்று

எல்லோரும் தடுமாறும் இடம் இது. புரிந்துகொள்ள ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் சொல்லச் சொல்ல மாணவன் நோட்டில் எழுதுகிறான். இடமிருந்து வலம் ஒரு வரி எழுதி முடித்ததும் டீச்சர் "அடுத்த வரி" என்கிறார். பக்கம் நிறைந்ததும் "அடுத்த பக்கம்" என்கிறார். பிக்சர் டியூப் படம் வரைவதும் இதே மாதிரிதான். வரியில் எந்த இடத்தில் எவ்வளவு சிவப்பு, எவ்வளவு பச்சை, எவ்வளவு நீலம் என்று மூன்று ஒயர்கள் சொல்கின்றன. "அடுத்த வரி", "அடுத்த பக்கம்" என்று சொல்வது நான்காவது ஒயர், சிங்க். அந்தக் குரல் கேட்காவிட்டால் மாணவன் எங்கே வரியை முடிப்பது என்று தெரியாமல் எழுதிக்கொண்டே போவான். திரையில் படம் உருண்டோடுவதும் சாய்ந்து கிழிவதும் இதனால்தான்.

இனி வேகம். பெரும்பாலான ஆர்கேட் போர்டுகள் நொடிக்குச் சுமார் 15,700 வரிகள், ஏறத்தாழ 60 பக்கங்கள் சொல்கின்றன. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் பக்கத்துக்குச் சுமார் 262 வரிகள் வரும். கண்ணுக்குத் தெரிவது 240 சொச்சம். நம் ஊர்ப் பழைய டிவிகளின் வேகம் நொடிக்கு 15,625 வரிகள். கிட்டத்தட்ட அதேதான். ஆகவே பழைய பெட்டி டிவி இந்தப் போர்டுக்கு நெருங்கிய சொந்தம். கம்ப்யூட்டர் மானிட்டர் அப்படி இல்லை. விஜிஏ தொடங்குவதே 31,500 வரிகளில்தான். விஜிஏ கேபிளிலும் இதே சிவப்பு, பச்சை, நீலம் இருப்பதால் நேரே இணைத்துவிடலாம் என்று தோன்றும். இணைத்தால் பெரும்பாலான மானிட்டர்கள் கறுப்புத் திரையில் ஒரு எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விடும். மெதுவாகச் சொல்லும் டீச்சர் அவற்றுக்குப் புரிவதில்லை.

அப்புறம் அளவு. மரப்பெட்டிக்குள் இருந்த மானிட்டர் 3 முதல் 5 வோல்ட் வரை உயரமான நிற சிக்னலுக்குப் பழகியது. வீட்டுக் கருவிகள் எதிர்பார்ப்பது 0.7 வோல்ட், அதுவும் உள்ளே 75 ஓம் ரெசிஸ்டரைக் கடந்து. ஐந்து மடங்கு சத்தமாகக் கத்தினால் எல்லா வார்த்தையும் ஒன்றுபோலத்தான் கேட்கும். திரையில் முகம், மேகம், வெடிப்பு எல்லாம் ஒரே வெள்ளையாகப் பூசிவிடும். சிங்க்கும் 5 வோல்ட் உயரத்தில் வருகிறது. வீட்டுக் கருவிக்கு 0.3 வோல்ட் போதும். நிறம் அதிகமானால் படம்தான் கெடும். சிங்க்கை அப்படியே விட்டால், படத்தை டிவிக்கு மாற்றித் தரும் கன்வர்ட்டரின் சிப்பே போய்விடக்கூடும். இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

குறைக்கும் வழி எளிது. ஒவ்வொரு நிற ஒயரிலும் வரிசையாக ஒரு 100 ஓம் ரெசிஸ்டரும் ஒரு 500 ஓம் பிரீசெட்டும் வையுங்கள். பிரீசெட் என்றால் திருப்புளியால் திருப்பும் சின்ன வால்யூம் மாதிரியான பாகம். ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். கணக்கும் கஷ்டமில்லை. போர்டு 4 வோல்ட் கொடுக்கிறது, எதிரே 75 ஓம் இருக்கிறது என்று வையுங்கள். நடுவில் சுமார் 350 ஓம் இருந்தால் எதிரே சேர்வது 0.7 வோல்ட். போர்டுக்குப் போர்டு இந்த 4 வோல்ட் மாறும் என்பதால்தான் நிலையான ரெசிஸ்டர் மட்டும் போடாமல் பிரீசெட். சிங்க் ஒயரில் 470 ஓம் ஒன்று போதும், அது சுமார் 0.7 வோல்ட் அளவுக்கு இறக்கிவிடும்.

சிக்னலின் உயரத்தைக் காட்டும் ஆசிலாஸ்கோப் இல்லாமல் எப்படிச் சரிசெய்வது? மூன்று பிரீசெட்டையும் முழு ரெசிஸ்டன்ஸுக்குத் திருப்பிவிட்டுத் தொடங்குங்கள். படம் மங்கலாக வரும். பல போர்டுகளில் 15ஆம் பட்டையைக் கிரவுண்டில் தொட்டாலோ, போர்டின் மேலுள்ள சின்ன சுவிட்சுகளில் ஒன்றைத் தள்ளினாலோ சோதனைத் திரை வரும். அதில் நிறப்பட்டைகள் படிப்படியாக வெளிறிக்கொண்டு போகும். மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மிக வெளிறிய பட்டைக்கும் அதற்கு முந்தையதற்கும் வித்தியாசம் மறையும் இடத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். பிறகு சாம்பல் நிறத்தைப் பாருங்கள். அதில் சிவப்புச் சாயலோ பச்சைச் சாயலோ இல்லாமல் போகும்வரை அந்தந்தப் பிரீசெட்டை இம்மியளவு நகர்த்துங்கள். பொறுமையாகச் செய்யவேண்டிய வேலை. சில போர்டுகள் 75 ஓம் பாரத்தைத் தாங்காமல் இருட்டுப் பகுதிகளை விழுங்கும். அதற்கு ரெசிஸ்டர் போதாது, டிஎச்எஸ்7314 போன்ற வீடியோ ஆம்ப்ளிஃபையர் சிப் நடுவில் வேண்டும். நல்ல சூப்பர்கன்களில் அப்படி ஒன்று உள்ளேயே இருக்கும்.

எந்த டிவி, எந்த வழி

ஐரோப்பாவில் டிவியின் பின்னால் ஸ்கார்ட் என்ற சாக்கெட் இருந்தது. அதில் மூன்று நிறத்தையும் சிங்க்கையும் நேராகவே கொடுக்கலாம். வெளிநாட்டு விளக்கங்களில் எல்லாம் ஸ்கார்ட், ஸ்கார்ட் என்று வருவது இதனால்தான். நம் டிவிகளில் அது கிடையாது. சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே செய்த டிவிகள் இருந்த காலத்திலிருந்து நமக்குப் பழக்கம் ஆன்டெனா, பிறகு மஞ்சள் ஏவி பின். ஆகவே நமக்கு வழி வேறு.

வீட்டுப் பரணில் பெட்டி டிவி இருந்தால், ஏடி725 போன்ற சிப் வைத்த என்கோடர் வாங்கி, மூன்று நிறத்தையும் மஞ்சள் பின்னுக்குரிய ஒரே சிக்னலாக மாற்றலாம். என்கோடரை என்டிஎஸ்சி என்ற டிவி முறையில் வையுங்கள், ஏனென்றால் அந்த முறையைப் போலப் போர்டும் 60 பக்கக் கணக்கு. படம் வந்து நிறம் மட்டும் வராமல் கறுப்பு வெள்ளையாக நின்றால் டிவி மெனுவில் கலர் சிஸ்டத்தை ஆட்டோவிலிருந்து என்டிஎஸ்சிக்கு மாற்றிப் பாருங்கள். இந்த வழியில் சிவப்பு எழுத்துகளின் ஓரம் கொஞ்சம் கசியும். முதல் நாள் ஆட்டத்துக்கு இது போதும்.

கடைசிக் காலத்தில் வந்த சில பெட்டி டிவிகளில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று பின்கள் இருக்கும். அதுதான் கிடைப்பதில் மிக நல்லது. ஆனால் நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. அந்தப் பச்சைப் பின்னில் போவது பச்சை அல்ல. படத்தின் வெளிச்சமும் சிங்க்கும் சேர்ந்த சிக்னல் அது. மற்ற இரண்டும் நிற வித்தியாசங்கள். போர்டின் மூன்று நிறத்தை நேரே அதில் குத்தினால் சிங்க் இல்லாமல் படம் உருளும். நடுவில் ஒரு மாற்றி வேண்டும். இந்த வழியில் வரும் படம் ஏவி பின்னைவிட எவ்வளவோ தெளிவு. எந்தக் காரணத்துக்காகவும் பெட்டி டிவியின் முதுகைத் திறக்காதீர்கள். பிக்சர் டியூப்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் நெடுநேரம் தங்கக்கூடும்.

தட்டை டிவிதான் இருக்கிறது என்றால் ரிச்சி தெருவில் முதலில் கையில் கொடுப்பது ஏவி டு எச்டிஎம்ஐ பெட்டி. படம் வரும். ஆனால் ஒரு குறை இருக்கிறது. டிவி ஒளிபரப்பில் ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் மறு தடவை என்று பாதிப் பாதியாக அனுப்புவார்கள். ஆர்கேட் போர்டு ஒவ்வொரு தடவையும் அதே 240 வரியில்தான் எழுதும். இந்தப் பெட்டிக்கு அது தெரியாது. இரண்டு படத்தை ஒன்றாகக் கோத்துவிடும். அடிபட்ட வீரன் மினுக்மினுக்கென்று மின்னுவது, காலுக்குக் கீழே விழும் நிழல் போன்றவை ஒன்று விட்டு ஒரு படத்தில் மட்டும் வரும் சமாச்சாரங்கள். அவை சீப்புக்கோடாகத் தெரியும், அல்லது காணாமலே போகும். பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அடி விழுவதற்கும் நடுவில் ஒரு தயக்கமும் இருக்கும். சண்டை கேமில் அது பெரிய தொல்லை.

ஜிபிஎஸ்-8200 என்ற விலை குறைந்த போர்டு, இந்த 15 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்குப் பதினைந்தாயிரம் சொச்சம் வரி) ஆர்ஜிபியை, அதாவது மூன்று நிற சிக்னலை, விஜிஏவாக மாற்றித் தரும். பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு அது கைகொடுக்கும். இன்னும் நன்றாக வேண்டுமென்றால் ஓஎஸ்எஸ்சி என்ற கருவி. வரும் ஒவ்வொரு வரியையும் அந்தக் கணமே இரண்டாக்கி அனுப்பும், முழுப் படத்தையும் சேர்த்துவைத்துக் காத்திருக்காது. அதனால் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. அதன் குறை வேறு இடத்தில் தெரியும். போர்டு நொடிக்கு எத்தனை பக்கம் சொல்கிறதோ அதே எண்ணிக்கையைத்தான் அது டிவிக்கும் அனுப்பும். 1992இன் மார்டல் காம்பாட் நொடிக்கு 54.7 பக்கம், 1987இன் ஆர்-டைப் 55 பக்கம். பழைய மானிட்டர் எதற்கும் வளைந்துகொடுத்தது. இன்றைய டிவிகள் சில 60க்குக் கீழே வந்தால் ஏற்பதில்லை. அப்படிப்பட்ட டிவிக்கு ரெட்ரோடிங்க்-5எக்ஸ் போல, படத்தைச் சேர்த்துவைத்து 60ஆக மாற்றி அனுப்பும் கருவிதான் வழி. எந்தக் கருவியானாலும் 0.7 வோல்ட் விதி ஒன்றுதான்.

சத்தம்

படத்துக்கு ஆன கவனத்தில் பாதியாவது சத்தத்துக்கும் வேண்டும், ஏனென்றால் போர்டுக்கே கேடு வருவது இங்கேதான். ஜாமா ஓரத்தில் வரும் சத்தம் ஹெட்போன் அளவு சத்தமல்ல. போர்டிலேயே ஆம்ப்ளிஃபையர் சிப் இருக்கிறது. 12 வோல்ட் எதற்கு என்று கேட்டால் பெரும்பாலும் அதற்குத்தான். நேரே ஸ்பீக்கரை முழக்கும் சிக்னல் அது, அதுவும் ஒற்றை ஸ்பீக்கர். ஆகவே மிக எளிய வழியே மிக நல்ல வழி: 8 ஓம், 10 வாட் ஸ்பீக்கர் ஒன்றை 10க்கும் எல்-க்கும் நடுவில் மாட்டிவிடுங்கள். ஒரு மரப்பெட்டிக்குள் வைத்தால் அந்தக் கடைச் சத்தமே கேட்கும். நான் இன்றும் அப்படித்தான் கேட்கிறேன்.

டிவியிலோ ஹோம் தியேட்டரிலோதான் வேண்டும் என்றால், முதலில் என் கதையைக் கேளுங்கள். என் முதல் போர்டில் ஸ்பீக்கர் பிளஸை ஆடியோ பின்னின் நடுக்கம்பிக்கும், மைனஸை வெளி உறைக்கும் சால்டர் செய்து, ஹோம் தியேட்டரில் மாட்டினேன். பத்து நிமிஷத்தில் கருகும் வாசனை. ஆம்ப்ளிஃபையர் சிப் தொட முடியாத சூடு, அப்புறம் சத்தமே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. சில போர்டுகளில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது கிரவுண்ட் அல்ல. பிளஸ், மைனஸ் இரண்டையுமே ஆம்ப்ளிஃபையர் எதிரெதிராக ஆட்டும். படத்துக்கான கேபிள் வழியாகப் போர்டின் கிரவுண்டும் டிவியின் கிரவுண்டும் ஏற்கனவே ஒன்றாகியிருந்தன. டிவியும் ஹோம் தியேட்டரும் சேர்ந்திருந்தன. ஆக, நான் மாட்டிய மைனஸ் சுற்றிவந்து போர்டின் கிரவுண்டிலேயே ஷார்ட் ஆகிவிட்டது.

கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். ஸ்பீக்கரைக் கழற்றி, போர்டை ஓடவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து எல்-க்கும் கிரவுண்டுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். பூஜ்யம் என்றால் மைனஸ் கிரவுண்டுதான். 6 வோல்ட் பக்கம் காட்டினால் எதிரெதிராக ஆடும் வகை. அதைக் கிரவுண்டோடு சேர்க்கவே கூடாது. அந்த வகைக்கு நடுவில் ஒரு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கார் ஸ்டீரியோவில் இரைச்சலை நீக்க மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டருக்குள் இருப்பது அதுதான். முதல் வகையோ இரண்டாவதோ, டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிட்டால் பயமில்லை. நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் பெரும்பாலும் அதோடு போய்விடும்.

அதற்கு முன்னால் அளவையும் குறைக்கவேண்டும். 8 ஓம் ஸ்பீக்கரில் 5 வாட் என்றால் 6.3 வோல்ட். ஹோம் தியேட்டர் எதிர்பார்ப்பது அரை வோல்ட் சுமார். 10 கிலோ ஓம் ஒன்றும் 1 கிலோ ஓம் ஒன்றும் வரிசையாக ஸ்பீக்கர் முனைகளுக்கு நடுவில் வைத்து, அந்த 1 கிலோ ஓமின் இரு முனையிலிருந்து எடுத்தால் பதினொன்றில் ஒரு பங்கு கிடைக்கும்: 0.57 வோல்ட். அதை ஐசொலேட்டருக்குக் கொடுங்கள். போர்டின் மேல் வால்யூம் திருகு ஒன்று இருக்கும். முதலில் அதைக் குறைத்துவைத்துவிட்டு ஓட்டுங்கள்.

கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டுகளில் இந்தச் சிரமம் கிடையாது. ஸ்டீரியோவுக்கென்று ஆர்சிஏ பின்கள் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் அந்தப் போர்டுகளில் ஒரு பேட்டரி இருக்கிறது. கேமின் ரகசியக் குறியை அதுதான் உயிரோடு வைத்திருக்கிறது. பேட்டரி செத்தால் கேம் ஓடாது. வாங்கும்போதே எப்போது மாற்றியது என்று கேட்டுவிடுங்கள்.

அன்றைக்கு நடந்தது

எங்கள் ரெய்டன் 1990இல் வந்த விமானக் கேம். திரையை நிமிர்த்தி நெடுக்காக வைத்து ஆடுவதற்கென்று செய்தது. 15 கிலோஹெர்ட்ஸுக்குப் பழைய டிவிதான் உடனே கைக்குக் கிடைத்தது, என்கோடரும் இருந்தது. சுவிட்சைப் போட்டோம். படம் வந்தது, ஆனால் பக்கவாட்டில் படுத்திருந்தது. பெட்டி டிவியைச் சாய்த்து வைக்க நான் விடவில்லை. காற்றுப் போகும் துளைகள் அடைபடும், நிறமும் ஒரு மூலையில் திரிந்துபோகும். தட்டை மானிட்டராக இருந்தால் தயங்காமல் திருப்பிவிடலாம். அவன் தரையில் ஒரு தலையணையைப் போட்டு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான்.

பொத்தான்கள் இன்னும் மாட்டவில்லை. "காசு எப்படி மாமா போடறது?" என்று கேட்டான். போர்டுக்குக் காசு என்றால் என்னவென்று தெரியாது. 16ஆம் பட்டை ஒரு கணம் கிரவுண்டைத் தொட்டால் காசு விழுந்தது என்று அது எடுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் காசு உருண்டு போகும்போது ஒரு கம்பியைத் தட்டும், அந்தக் கம்பி சுவிட்சை மூடும், அவ்வளவுதான். எல்லாப் பொத்தானும் ஜாய்ஸ்டிக்கும் இதே மாதிரி கிரவுண்டைத் தொடும் சுவிட்சுகள்தான். சின்ன வயதில் அந்த ஒரு காசுக்காக எங்கள் அம்மாவிடம் எத்தனை நாள் நின்றிருப்பேன்.

ஒயர் முனையை அவன் கையில் கொடுத்து, கிரவுண்ட் எது என்று காட்டினேன். ஒரு தட்டுத் தட்டினான். ஸ்பீக்கரில் காசு விழும் சத்தம் கேட்டது, திரையில் கிரெடிட் ஒன்று ஏறியது. படுத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தட்டினான்.